பொறிக்கு மொழி தந்த அம்மையார்

கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி ஆறு கள்ளக்குறிச்சி வட்டாரத்து வயல்களை வளஞ்செய்கிறது. ஆற்றுநீர் எட்டாத கொல்லைகளுக்குக் கிணற்று நீரை மின்மோட்டார் இறைத்துத் தருகிறது. மண் நனைந்ததும் அம்மோட்டார் தானே நின்றுவிடுமாறு செய்தல் இன்று இயலும். நகத்தளவே உள்ள நுண்கட்டுப்படுத்தி என்னும் சில்லு அப்பணியை ஆற்றும். ஆயினும் அச்சில்லு அறிந்தவை ஒன்று, சுழியம் என்னும் இரு குறிகளே. மனிதர் எழுதும் சொற்களைப் பொறியறியும் குறிகளாக மாற்ற வழிகண்டவருள் முன்னோடி கிரேஸ் ஹாப்பர் அம்மையார் ஆவார்.

அம்மையார் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரிற் பிறந்தார். ஏழு வயதில், கடிகாரம் ஓடும் வகையை அறியும் வேட்கையால், வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களைப் பிரித்துவிட்டார். வாசர் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டே, 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையிற் சேர்ந்து, 1944இல் ஹார்வர்டில் மார்க் 1 என்னும் பெருங்கணிப்பொறிக்குக் கட்டளை வகுக்கும் பணியை ஏற்றார்.

அந்நாளில் கட்டளைகளை எண்களாலேயே எழுதவேண்டும். ஓர் எண் பிழைப்பினும் கணக்கு முழுதும் கெடும். ஆதலால் அக்கலை ஒரு சிலர்க்கே உரியதாயிருந்தது. இக்குறையை நீக்கக் கருதி, அம்மையார் 1952இல் ஏ-0 என்னும் முன்னோடி நிரல்பெயர்ப்பியை ஆக்கினார். கணிப்பொறி கணக்கிடுமேயன்றிக் கட்டளை எழுதாது என்று பலர் அதனை ஏற்க மறுத்தனர். அம்மையார் தளர்ந்தாரல்லர். ஆங்கிலச் சொற்களால் கட்டளையிடும் முறையையும் வகுத்தார். அம்முறை பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களாலும் இயலும் என்று செய்துகாட்டியபோது, நிறுவனத் தலைவர்கள் திடுக்கிட்டனர். அமெரிக்கப் பொறி அயல்மொழியை அறிவது எங்ஙனம் என ஐயுற்றனர். பொறிக்கு எம்மொழிச் சொல்லும் வெறுங்குறியே என்னும் உண்மை அவர்க்கு எளிதில் விளங்கவில்லை.

அவரது முறையைத் தழுவியே 1959இல் கோபோல் என்னும் வணிகக் கணிப்பொறி மொழி உருப்பெறத் தொடங்கியது. பின்னர் டென்னிஸ் ரிச்சி என்பார் 1970களின் தொடக்கத்தில் ஆக்கிய சி மொழி, இன்று நுண்கட்டுப்படுத்திகளுக்குப் பெரிதும் பயன்படுகிறது. அதனையும் நிரல்பெயர்ப்பியே பொறிக்குரிய குறிகளாக மாற்றித் தருகிறது.

அம்மையார் 1986இல், தம் 79ஆம் வயதில், ரியர் அட்மிரல் என்னும் உயர்பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி முதல் நாள் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! மண் காய்ந்தால் நீர் இறைக்க, நனைந்தால் நிறுத்துக என முறைப்பட எண்ணத் தெரிந்தவர் எவரும் இன்று பொறியை ஏவலாம். சிலர்க்கே உரியதாயிருந்த அவ்வாற்றலை மலையூர்ப் பள்ளிச் சிறார்க்கும் எட்டச் செய்த முயற்சியே அம்மையாரின் பெருமை.