இதயத்தின் கையெழுத்து

(பத்தாம் வகுப்பு)

நம் வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ மார்பு வலி என்றால், மருத்துவமனையில் முதலில் இ.சி.ஜி. எடுக்கச் சொல்கிறார்கள். கட்டம் போட்ட தாளில் மேடும் பள்ளமுமாக ஓடும் அந்தக் கோட்டை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். சிறு குழந்தையின் கிறுக்கலைப் போல் தோன்றும் அது, உண்மையில் நம் இதயம் எழுதும் கையெழுத்தாகும். அந்தக் கையெழுத்தைப் பிழையின்றிப் பதிவு செய்து, அதன் எழுத்துகளுக்குப் பெயரும் சூட்டிய பெருமகனார் வில்லெம் ஐந்தோவன். அவரது வாழ்க்கையை அறிந்து கொள்வோம், வாருங்கள்.

ஐந்தோவன் 1860-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் ஜாவாத் தீவிலுள்ள செமராங் நகரில் பிறந்தார். அன்று அத்தீவு டச்சுக்காரரின் ஆட்சியில் இருந்தது. தந்தை ஒரு மருத்துவர். வில்லெமுக்கு ஆறு வயதாகும்போதே அவர் இறந்து விட்டார். ஆறு குழந்தைகளோடு தனித்து நின்ற அன்னை மனம் தளரவில்லை. 1870-இல் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு, கடல் கடந்து ஹாலந்து நாட்டின் உட்ரெக்ட் நகருக்குச் சென்று குடியேறினார்.

மருத்துவம் பயில வில்லெமிடம் பணம் இல்லை. படித்து முடித்ததும் கிழக்கிந்தியத் தீவுகளில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றுவதாக ஒப்புக்கொண்டு, அரசின் உதவியுடன் 1878-இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒருமுறை உடற்பயிற்சியின்போது அவரது மணிக்கட்டு முறிந்தது. நாமாக இருந்தால் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக் கண்ணீர் விட்டிருப்போம். அவரோ ஓய்வு நாட்களில் கை எவ்வாறு திரும்புகிறது, முழங்கை மூட்டு எவ்வாறு இயங்குகிறது என்று ஆராய்ந்து ஒரு கட்டுரையே எழுதி விட்டார்!

1885-இல், தமது இருபத்தைந்தாம் வயதில், லெய்டன் பல்கலைக்கழகத்தின் உடலியல் பேராசிரியராக அவர் நியமிக்கப்பட்டார். எனவே, அரசிடம் பெற்ற உதவித்தொகையைத் திருப்பிச் செலுத்தி, இராணுவப் பணியிலிருந்து விடுபட்டார்.

ஒவ்வொரு துடிப்பின்போதும் இதயத்தில் மிக மெல்லிய மின்சாரம் எழுகிறது. 1887-இல் லண்டனில் வாலர் என்னும் அறிஞர் அதனை மனித உடலின் மேற்புறத்திலிருந்தே பதிவு செய்து காட்டினார். ஆனால் அவர் பயன்படுத்திய கருவியில் பாதரசம் மெதுவாகவே அசைந்ததால், கோடு உண்மை வடிவில் விழவில்லை. ஐந்தோவன் ஒவ்வொரு கோட்டையும் கணக்கிட்டுத் திருத்தினார். திருத்தாத கோட்டுக்கு ஏ, பி, சி, டி என்று பெயரிட்டிருந்ததால், திருத்திய கோட்டின் அலைகளுக்கு 1895-இல் பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயர் சூட்டினார். பி என்பது மேலறைகளின் மின் அலை. க்யூ, ஆர், எஸ் மூன்றும் கீழறைகளின் மின் அலைகள். இறுதியில் வரும் டி, கீழறைகள் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புவதைக் குறிப்பது.

கணக்கிட்டுத் திருத்துவது அவருக்கு மனநிறைவு தரவில்லை. கருவியே பிழையின்றி எழுத வேண்டும் என்று எண்ணினார். குவார்ட்ஸை உருக்கி, அம்பு எய்து இழுத்து, கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லிய இழையாக்கினார். அதன்மேல் வெள்ளிப் பூச்சு ஏற்றி, வலிமைமிக்க மின்காந்தத்தின் நடுவே கட்டினார். இதயத்தின் மின்சாரம் பாய்ந்ததும் இழை அசைந்தது. அதன் நிழல் பெரிதாக்கப்பட்டு, நகரும் புகைப்படத் தகட்டில் கோடாக விழுந்தது. 1901-இல் உலகிற்கு அறிவித்த இதுவே இழைக் கால்வனோமீட்டர்.

அக்கருவி ஏறத்தாழ 270 கிலோ எடை கொண்டது. இரண்டு அறைகளை அடைத்துக் கொண்டது. இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டனர். நோயாளி தம் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர் நிறைந்த பாத்திரங்களில் வைத்துக்கொண்டு அமர வேண்டும். கருவியை நோயாளியிடம் கொண்டு செல்ல இயலாது. நோயாளியையும் எளிதில் அழைத்து வர இயலாது. என்ன செய்வது? 1905-இல் மருத்துவமனைக்கும் தம் ஆய்வுக்கூடத்திற்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் தொலைபேசிக் கம்பி வழியாகவே இதயத்தின் மின்சாரத்தை வரவழைத்துப் பதிவு செய்தார்!

1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அக்கருவியைச் செய்ய உதவிய வான் டெர் வூர்ட் என்னும் பணியாளர் அப்போது உயிருடன் இல்லை. அவருடைய இரு சகோதரிகள் வறுமையில் வாடுவதை அறிந்து, பரிசுப் பணத்தில் பாதியை ஐந்தோவன் அவர்களுக்கே அளித்தார் என்று சொல்லப்படுகிறது. புகழ் வந்தபோது உடன் உழைத்தவரை மறவாத உள்ளம் எத்துணை உயர்ந்தது! 1927-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் காலமானார்.

இதயத்தின் கோளாற்றை அவரால் படிக்க முடிந்ததே தவிர, திருத்த முடியவில்லை. அது பின்வந்தோரின் பணியாயிற்று. 1958-இல் சுவீடன் நாட்டில் எல்ம்க்விஸ்ட் என்னும் பொறியியலாளர் செய்த பேஸ்மேக்கரை, செனிங் என்னும் அறுவை மருத்துவர் ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் பொருத்தினார். முதல் கருவி சில மணி நேரமே இயங்கியது. ஆயினும் அவர்கள் கைவிடவில்லை. லார்சன் 2001 வரை வாழ்ந்தார்.

இதயம் தளர்ந்த சிலருக்குக் கீழறைகள் இரண்டும் ஒருசேரச் சுருங்குவதில்லை. வண்டி மாடுகளில் ஒன்று முந்தி, ஒன்று பிந்தினால் வண்டி எப்படி ஓடும்? 1990-களில், இருபக்கமும் ஒரே வேளையில் துடிக்கச் செய்யும் பேஸ்மேக்கர்கள் வந்தன. அது யாருக்குப் பயன்படும் என்று காட்டுவது எது? ஐந்தோவன் பெயரிட்ட க்யூ, ஆர், எஸ் அலைகளின் அகலமே!

உயர் இரத்த அழுத்தத்திற்கும் இவ்வழியில் ஆய்வு நடைபெறுகிறது. பேஸ்மேக்கர் தேவைப்படும் சிலருக்கு, மேலறைகள் சுருங்கிய பின் கீழறைகள் சுருங்கும்வரை உள்ள இடைவெளியைக் கருவி குறைக்கிறது. கீழறைகளில் நிரம்பும் இரத்தம் சற்றுக் குறைய, அழுத்தமும் குறைகிறது. உடல் இதனை உணர்ந்து அழுத்தத்தை மீண்டும் உயர்த்தி விடாதபடி, இடையிடையே இடைவெளி கூட்டப்படுகிறது. பி-க்கும் ஆர்-க்கும் இடைப்பட்ட அந்தச் சிறு தூரத்தை அன்று அவர் துல்லியமாக வரையாதிருந்தால், இன்று அதை மாற்ற யாருக்குத் தோன்றும்?

அன்புத் தோழியரே! ஆய்வுக்கூடத்தில் அளவு சற்றுப் பிசகினால், போதும் என்று நாம் எழுதி விடுகிறோம். அக்கோட்டைத் தவறாகவே விட்டிருந்தால் ஐந்தோவனை அன்று யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால், அவர் விடவில்லை. அதன் முழுப்பயனை அவர் கண்ணால் காணவும் இல்லை. நாமும் நம் சிறு பணிகளைப் பிழையின்றிச் செய்வோம். உடன் உழைத்தவரை மறவாதிருப்போம். பயன் என்றோ, யாருக்கோ வந்து சேரும்.