மெய்வழி கண்ட கவிஞர்

தமிழ்க் காவியங்களைப் பயிலும் மாணாக்கர்க்கு எச். ஏ. கிருஷ்ண பிள்ளையவர்களின் பெயர் புதிதன்று. புதுக்கோட்டைச் சீமையிற் பிறந்து தமிழ் பயிலும் யான், அவர்தம் காவியத்தைக் கற்குந்தோறும், அவரது கவித்திறத்தினும் அவர் மெய்யுணர்வு பெற்ற வழியையே பெரிதும் வியக்கின்றேன்.

இப்பெரியார் 1827-ஆம் ஆண்டு திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் ஊரில், வைணவ வேளாளர் குடியில் தோன்றினார். இளமையிலேயே இலக்கண இலக்கியங்களைத் துறைபோகக் கற்றார். கம்பனிடத்துத் தீராக் காதல் கொண்டார். 1853-இல் சாயர்புரத்து மிஷன் பள்ளியிலே தமிழாசிரியராக அமர்ந்தார். கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவும் எண்ணம் அப்பொழுது அவர்க்கு இருந்ததில்லை. கற்பிக்கச் சென்ற இடமே தமக்குக் கல்விச்சாலையாகும் என்பதை அவர் அறிந்திலர்.

கடவுள் அவரை ஒரே நாளில் ஆட்கொண்டாரல்லர். நண்பர் தனக்கோடி ராஜு கிறிஸ்தவரானார். தம்பி முத்தையா பிள்ளையும் அவ்வழியே சென்றார். அவர்தம் மாற்றம் பிள்ளையவர்களின் சிந்தையைக் கிளறியது. வேதாகமத்தையும், ஜான் பனியன் இயற்றிய மோட்சப் பிரயாணத்தையும் ஆராய்ந்து கற்றார். பாவச்சுமை நீங்குவது எங்ஙனம் என்ற வினா அவரை உறங்கவொட்டாது வருத்தியது. ஈற்றில், கிறிஸ்துவின் சிலுவையிலே விடை கண்டு, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். சாதிக் கட்டுப்பாடு வலுத்திருந்த அக்காலத்தில் அஃது எளிய செயலன்று. உற்றாரின் துயரைக் கண்டும் உறுதி தளராது நிற்க வேண்டியிருந்தது.

மதம் மாறியவர் தமிழை மறந்தாரல்லர். கம்பனிடம் கற்ற நடையையும் பனியனிடம் பெற்ற கதையையும் இணைத்து, இரட்சணிய யாத்திரிகம் என்னும் பெருங்காவியத்தை 3,700-க்கு மேற்பட்ட செய்யுட்களாற் பாடினார். அது நூலாக வெளிவந்தது 1894-இல். அஃதாவது, ஞானஸ்நானம் பெற்று முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னர். 1900-ஆம் ஆண்டில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நண்பர்காள்! இரவில் மன்றாடி விடியலில் விடை வேண்டும் அவசரம் நம்மிற் பலர்க்கு உண்டு, எனக்கும் உண்டு. பிள்ளையவர்களுக்கோ கடவுளின் வழிகாட்டுதல், வழிநடப்பான் கையிலுள்ள விளக்கைப் போன்று, அடுத்த அடியை மாத்திரமே காட்டிற்று. ஏற்ற தொழில், நண்பனின் சொல், தம்பியின் துணிவு, கையிற் கிடைத்த நூல் ஆகியவை யாவும் அவர்க்கு ஆசான்களாயின. தெரிந்த அளவிற்குக் கீழ்ப்படிந்தார். கீழ்ப்படிந்த அளவிற்கு மேலும் தெரிந்தது. நாமும் முழுவழியும் புலப்படட்டும் என்று காத்திராது, புலப்பட்ட ஓரடியை இன்றே எடுத்து வைப்போமாக.