கூத்தாடி என்ற பழியைத் துடைத்தவர்: பம்மல் சம்பந்த முதலியார்

மேரு, காப்பார், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த மூத்தவர்களுக்குத் திருவிழா நாடகம் என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. காலையில் பால்மரம் வெட்டியவர் இரவில் ராஜாவாக வருவார். மீசையை மழித்துவிட்டு இன்னொருவர் ராணியாக வருவார். யாருக்கும் சம்பளம் கிடையாது. இருந்தாலும் வேலை முடிந்து வந்து, மாதக்கணக்கில் ஒத்திகை பார்ப்பார்கள்.

பிழைப்புக்கு ஒரு தொழில், மனநிறைவுக்கு மேடை என்று வாழ்பவர்களின் நாடகத்தைப் பயில்முறை நாடகம் என்பார்கள். தமிழில் அந்த நாடகத்துக்கு ஒரு மரியாதையைத் தேடித் தந்தவர் பம்மல் சம்பந்த முதலியார்.

அவர் 1873 பிப்ரவரியில் சென்னையில் பிறந்தவர். பம்மல் என்பது பல்லாவரத்துக்கு அருகே உள்ள ஊர். தந்தை விஜயரங்க முதலியார் கல்வித்துறையில் இருந்தவர். வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. ஆங்கில நாடகங்களை விரும்பிப் படித்த இளைஞர் சம்பந்தத்துக்குத் தமிழ் நாடகம் மட்டும் பிடிக்கவில்லை. அப்போது நாடகம் என்றால் இரவு தொடங்கி விடியும்வரை பாட்டுதான். கதையைவிடப் பாட்டு பெரிது. நடிப்பவர்களைக் கூத்தாடிகள் என்று ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. படித்த வீட்டுப் பிள்ளை மேடையேறினால் குடும்பத்துக்கே தலைகுனிவு என்று நினைத்தார்கள்.

1891இல் பல்லாரியிலிருந்து ஒரு தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. அதன் தலைவர் தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியார் ஒரு வழக்கறிஞர். அந்த நாடகத்தைப் பார்த்த 18 வயது சம்பந்தத்தின் எண்ணம் மாறிப்போனது. வழக்கறிஞர் ஒருவர் கூச்சமில்லாமல் வேடம் கட்டி நடிக்கும்போது, தமிழில் அப்படிச் செய்ய ஏன் ஆளில்லை என்ற கேள்வி அவரை விடவில்லை.

அவர் காத்திருக்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி, விரல்விட்டு எண்ணக்கூடிய நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். கையில் நாடகம் இல்லை. நடித்த அனுபவமும் இல்லை. நாடகத்தை அவரே எழுதினார், அவரே சொல்லிக் கொடுத்தார், அவரே கதாநாயகனாகவும் நடித்தார். புஷ்பவல்லி, லீலாவதி சுலோசனா, மனோகரா என்று நாடகங்கள் வந்தன.

பாட்டைக் குறைத்து உரைநடை வசனத்துக்கு முதலிடம் கொடுத்தார். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். ஷேக்ஸ்பியரின் ஹேம்லெட்டை அமலாதித்யன் என்றும், வெனிஸ் வணிகனை வாணிபுர வணிகன் என்றும் தமிழ் மண்ணுக்கு ஏற்ப மாற்றித் தந்தார். மொத்தத்தில் 90க்கும் அதிகமான நாடகங்களை எழுதினார்.

இத்தனையும் தொழிலை விட்டுவிட்டுச் செய்ததல்ல. அவர் சட்டம் படித்து வழக்கறிஞரானார், பின்னர் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தார். பகல் நீதிமன்றத்துக்கு, மாலை ஒத்திகைக்கு என்று வாழ்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் துணிந்தார்கள். சுதந்திரப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி அந்தச் சபையின் மேடையில் நடித்தவர். பெண் வேடங்களில் புகழ்பெற்ற ரங்கவடிவேலு ஒரு வழக்கறிஞர். கூத்தாடி என்று ஏளனம் செய்தவர்கள் இப்போது யாரைப் பார்த்து அப்படிச் சொல்வது?

ஆனால் ஒன்றை மறைக்க முடியாது. அந்தச் சபை படித்தவர்களின், வசதி உள்ளவர்களின் சபை. கூலி வேலை செய்தவனுக்கு அங்கே இடமிருக்கவில்லை. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். அதே காலத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் ஏழைச் சிறுவர்களைச் சேர்த்துப் பாய்ஸ் கம்பெனி நடத்தினார். வள்ளி திருமணம், பவளக்கொடி போன்ற நாடகங்களைக் கிராமத்துக்குக் கொடுத்தவர் அவர். கிராமத்து மேடை பாட்டைச் சுவாமிகளிடமும், பட்டணத்து மேடை வசனத்தைச் சம்பந்த முதலியாரிடமும் கற்றுக்கொண்டது எனலாம். இரண்டும் சேராமலும் இல்லை. சுவாமிகளிடம் வளர்ந்த டி.கே.எஸ். சகோதரர்களே பின்னர் மனோகராவை மேடையேற்றினார்கள்.

தம் நாடகத்தை நடத்தும் கம்பெனிகள் அனுமதி பெற்று அதற்கான தொகையைத் தர வேண்டும் என்பதிலும் அவர் கண்டிப்பாக இருந்தார். எழுதுவதும் உழைப்புதான் என்று நாடக உலகுக்கு உணர்த்தினார். நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவதெப்படி என்று புதியவர்களுக்காக ஒரு நூலும் எழுதினார். நாடக மேடை நினைவுகள் என்ற அவருடைய தன்வரலாறு, அந்தக் கால மேடையை அறிய இன்றும் உதவுகிறது.

மனோகரா 1954இல் கலைஞர் மு. கருணாநிதியின் வசனத்தில், சிவாஜி கணேசன் நடிக்கத் திரைப்படமாக வந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்ட மனோகரன் அரசவையில் முழங்கும் காட்சியை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்கள் இங்கும் உண்டு. அந்தக் கதையின் வேர் 19ஆம் நூற்றாண்டில் ஓர் இளைஞர் எழுதிய மேடை நாடகத்தில் இருக்கிறது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

1959இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1964 செப்டம்பர் 24ஆம் தேதி, 91ஆவது வயதில் அவர் காலமானார்.

தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்து மேடைகளும் அவற்றோடு போய்விட்டன. என்றாலும் வேலை முடிந்து களைத்து வந்து, மண்டபத்தின் ஒரு மூலையில் வசனத்தை மனப்பாடம் செய்யும் இளைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரிய மண்டபமோ பணமோ வந்து சேரட்டும் என்று அவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. சம்பந்தம் தொடங்கியபோதும் சில நண்பர்களைத் தவிர வேறெதுவும் அவரிடம் இல்லை.