பாதிரிப்புலியூரில் பிறந்த பித்தன்

அப்பரடிகள் கல்லே தெப்பமாகக் கரையேறிய தலம் என்று சைவ மரபு போற்றும் திருப்பாதிரிப்புலியூரில், 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் சொ. விருத்தாசலம் பிறந்தார். தமிழ்ச் சிறுகதை அவரைப் புதுமைப்பித்தன் என்று அறியும். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை வருவாய்த் துறை அலுவலர். அவருடைய பணி மாற்றங்களுக்கேற்பச் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று சிறுவனின் பள்ளிகளும் மாறின. இளமையிலேயே தாயை இழந்தார். 1918இல் குடும்பம் சொந்த ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பிற்று. அங்கே இந்துக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற 1931ஆம் ஆண்டிலேயே கமலாவை மணந்தார்.

தந்தை விரும்பியது அரசாங்க உத்தியோகம். மகன் தேர்ந்ததோ எழுத்து. 1934 முதல் 'மணிக்கொடி' அவருடைய களமாயிற்று. பின்னர் 'தினமணி'யில் பணிபுரிந்தார். 1943இல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் விலகியபோது தாமும் விலகி, அவர் தொடங்கிய 'தினசரி'யில் சேர்ந்தார். வறுமை மட்டும் எந்த அலுவலகத்திலும் அவரை விட்டு விலகவில்லை.

ஏறத்தாழ நூறு கதைகள். அவற்றில் உலவும் மாந்தர் எவரும் உத்தமரல்லர், முற்றும் கயவருமல்லர். 'மனித யந்திரம்' கதையின் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, ஆயுள் முழுதும் கணக்கெழுதிய கடையின் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போக ரயில் ஏறுகிறார். திருடவும் துணிவின்றித் திரும்பி வந்து, செலவான சில்லறையைத் தம் பெயரில் பற்றெழுதி வைக்கிறார். சிரிப்பு எழும், எழுந்த இடத்திலேயே உறைந்துபோகும்.

தில்லைக் கூத்தன் அவரை விடாமல் தொடர்ந்தான். 'சிற்பியின் நரக'த்தில் வாழ்நாளெல்லாம் உழைத்து நடராசர் சிலை வடித்தவன், அதைக் கோயிலுக்குள் வைத்தபின் சிலையை ஏறிட்டும் பாராமல் மோட்சம் வேண்டும் கூட்டத்தைக் கனவில் கண்டு நடுங்குகிறான். 1943இல் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையிலோ கடவுளே சென்னைத் தெருவில் வந்து நிற்கிறார். வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளை அவரிடம் ஆயுள் சந்தா வாங்குகிறார். பிழைப்புக்காகக் கடவுள் ஆடிக் காட்ட, திவான் பகதூர் ஒருவர் அது கலையாகாது என்று தள்ளிவிடுகிறார். சிதம்பரத்தில் உலகை இயக்கும் ஆட்டம் பட்டணத்தில் ஒரு வேளைச் சோற்றுக்கு உதவவில்லை.

இந்தச் சிரிப்பு வெறுப்பின் குரலா என்ற வினா அவர் காலத்திலேயே எழுந்தது. 'துன்பக்கேணி' போன்ற கதைகளில் ஒடுக்கப்பட்டோரைச் சித்திரித்த விதம் பின்னாளில் கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அதை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆயினும் அவர் அதிகம் எள்ளியது குமாஸ்தாக்களை, பத்திரிகைக்காரர்களை, நெல்லைப் பிள்ளைமார்களை; அதாவது தம்மையும் தம்மவரையும். வேளூர் கந்தசாமிப் பிள்ளை என்ற பெயரில் கவிதை எழுதியவர், தம் கதையின் ஏமாளிக்கும் அதே பெயரைச் சூட்டியிருக்கிறார். பிறர் எழுத்தைத் தாட்சண்யமின்றித் தாக்கிய அவரே, பிற்காலத்தில் சிதம்பரத்தில் வாழ்ந்து 1985இல் மறைந்த மௌனியைச் சிறுகதையின் திருமூலர் என்று போற்றினார். அவர் கடுமைக்கு ஓர் அளவுகோல் இருந்தது.

பொருள் தேடித் திரைத்துறைக்குச் சென்றார். 'ராஜமுக்தி' படத்துக்காகப் புனேயில் தங்கியபோது காசநோய் முற்றியது. 1948 ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார். வயது 42. மனைவியும் பச்சிளம் பெண்குழந்தையும் எஞ்சினர்.

2002இல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது. உயிரோடிருந்த நாளில் எழுத்து அவருக்குக் குடும்பம் நடத்தப் போதுமான ஊதியம் தரவில்லை. கடவுளிடமே ஆயுள் சந்தா வாங்கிய கதையை எழுதியவர், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் தம் ஆயுளை முடித்துக்கொண்டார். கடலூர் மண்ணில் பிறந்த அந்தப் பித்தனைக் கொண்டாடுவோர், கண்ணெதிரே எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தாளனின் அடுப்பையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது தகும்.