சுண்டெலி என்றொரு பீரங்கி வண்டி

குழந்தைகளே! 40 யானைகளின் எடை கொண்ட ஒரு வண்டிக்குச் 'சுண்டெலி' என்று பெயர் வைத்தால் சிரிப்பு வருமல்லவா? அப்படியொரு பீரங்கி வண்டியை வடிவமைத்தவர்தான் பெர்டினாண்ட் போர்ஷே.

இவர் 1875 செப்டம்பர் 3 அன்று மாபர்ஸ்டார்ப் என்ற ஊரில் பிறந்தார். அப்போது ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் இருந்த அந்த ஊர், இப்போது செக் குடியரசில் இருக்கிறது. தந்தை தகர வேலை செய்பவர். மகனும் தன் பட்டறையைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று விரும்பினார். சிறுவன் பெர்டினாண்டுக்கோ மின்சாரத்தின் மீது தீராத ஆசை! பகலில் பட்டறை வேலை, மாலையில் தொழிற்பள்ளி என்று உழைத்தான். 18 வயதில் தன் வீட்டிலேயே மின்விளக்கை எரிய வைத்தான். பிறகு வியன்னா நகருக்கு வேலைக்குப் போனான்.

1900-ம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் போர்ஷே உருவாக்கிய மின்சாரக் கார் இடம்பெற்றது. அதன் சக்கரங்களுக்கு உள்ளேயே மோட்டார் இருந்தது. ஆனால், பேட்டரியோ மிகவும் கனம். எனவே வேறொரு வழி கண்டார். பெட்ரோல் இன்ஜினால் மின்சாரம் தயாரித்து, அந்த மின்சாரத்தால் சக்கரங்களைச் சுழற்றினார். கியர் பெட்டியே தேவைப்படவில்லை!

1931-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் சொந்த அலுவலகம் தொடங்கினார். 1934-ல் சாதாரண மக்களுக்கான காரை வடிவமைக்கும் பொறுப்பு, ஹிட்லரின் அரசிடமிருந்து வந்தது. வண்டு போன்ற உருவத்தில் கார் பிறந்தது. மக்கள் கையில் அது சேரும் முன்பே, 1939-ல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. கார் தொழிற்சாலை போர்த் தளவாடங்கள் செய்யத் தொடங்கியது. பிற நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்ட ஆயிரக்கணக்கானோர் அங்கே கட்டாய வேலை வாங்கப்பட்டனர். போர்ஷேயின் வாழ்வில் இது அழியாத கறை.

தம் பழைய யோசனையை அவர் பீரங்கி வண்டிக்கும் பயன்படுத்தினார். 1942-ல் 'டைகர்' வண்டிக்கான போட்டியில் அவருடைய வடிவமும் கலந்துகொண்டது. ஆனால், இன்ஜின்கள் அடிக்கடி பழுதாகின. ஹென்ஷல் நிறுவனத்தின் வண்டியே தேர்வானது.

போர்ஷே விடவில்லை. அடுத்து வந்ததுதான் 'மவுஸ்'. ஜெர்மன் மொழியில் சுண்டெலி என்று பொருள். எடையோ 188 டன்! பெரும்பாலான பாலங்கள் அதைத் தாங்காது. ஆகவே ஆற்றின் அடியிலேயே ஊர்ந்து போக வேண்டும். அப்போது கரையில் நிற்கும் இன்னொரு மவுஸ், கம்பிவடம் மூலம் அதற்கு மின்சாரம் தர வேண்டும். இத்தனை சிரமப்பட்டும் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாது. இரண்டே வண்டிகள் சோதனைக்காக உருவாயின. அதில் ஒன்றுக்கு மட்டும்தான் பீரங்கி பொருத்தப்பட்டது. 1945-ல் போர் முடிந்தபோது சோவியத் படையினர் இரண்டையும் கைப்பற்றினர். ஒன்றின் உடலில் மற்றொன்றின் மேல்பகுதியைப் பொருத்தினர். அந்த வண்டி ரஷ்யாவின் குபின்கா அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

போருக்குப் பின் பிரான்ஸ் அரசு போர்ஷேயைக் கைது செய்தது. ஏறக்குறைய 20 மாதங்கள் சிறையில் இருந்த அவர், 1947-ல் விடுதலையானார். 1951 ஜனவரி 30 அன்று காலமானார்.

குழந்தைகளே, கணக்கைப் பாருங்கள்! அழிக்க நினைத்துச் செய்த சுண்டெலி வெறும் இரண்டு. மக்களுக்காக வடிவமைத்த வண்டு காரோ 2003 வரை 2 கோடியே 10 லட்சத்துக்கும் மேல்! அறிவு மட்டும் இருந்தால் போதாது. அதை யாருக்காக, எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும்.