எரு கற்றுக்கொண்ட துரை

சர் ஆல்பர்ட் ஹோவர்ட் 1873-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். 1905-ல் பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வேலைக்கு வந்தார். நம்ம ஆளுங்களுக்கு விவசாயம் சொல்லிக்கொடுக்க வந்தவர்தான். ஆனால் சுற்றுவட்டார வயல்களைப் பார்த்து அசந்துபோனார். மருந்தே அடிக்காமல் பயிர் நோயில்லாமல் நின்றது. அந்த விவசாயிகளையே தனக்கு வாத்தியாராக வைத்துக்கொண்டார். இதுதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது.

அவர் மனைவி கேப்ரியேலும் தாவர விஞ்ஞானி. இரண்டு பேரும் சேர்ந்தே ஆராய்ச்சி செய்தார்கள். அந்த அம்மா பேரை எழுதாமல் விடக்கூடாது.

1924-ல் இந்தூரில் புது ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்தார். செடி கொடி, மாட்டுச்சாணி, கோமியம் ஊறிய மண், சாம்பல் எல்லாவற்றையும் குழியில் அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்து, நடுநடுவே புரட்டிப்போட்டால் மூன்று மாதத்தில் எரு தயார். பருத்திமார் கட்டை மாதிரி இருக்குமே, அதை ரோட்டில் பரப்பி வண்டிச் சக்கரத்தில் நசுங்க விட்டார்களாம்! குப்பையை மக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையும் பாக்டீரியாவும்தான். அதுங்களுக்குக் காற்று வேணும், அதுக்குத்தான் புரட்டுவது. ஹோவர்ட் 1931-ல் ஊர் திரும்பிவிட்டார். 1935-ல் காந்தியடிகள் இந்தூர் போய் அந்த எரு முறையைப் பார்த்தார்.

வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை பயிருக்குச் சத்து கொடுக்கிறது, ரசாயன உரம் அந்த மண் உயிர்களைக் கெடுக்கிறது என்று 1940-ல் புத்தகம் எழுதினார். உர விஞ்ஞானிகள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசிவரை அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை. 1947 அக்டோபரில் இறந்தார்.

அவர் ரசாயன உரமே கூடாது என்றது கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. கோயம்புத்தூரில் 1909-லிருந்து ஒரே வயலைப் பாத்தி பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு உரம் போட்டுப் பார்க்கிறார்கள். தொழு உரம் விழுந்த மண்ணில்தான் நுண்ணுயிர் அதிகம். ஆனால் நம் நாட்டில் இப்படிப் பல வருஷம் நடந்த சோதனைகளில், தொழு உரமும் ரசாயன உரமும் சேர்த்துப் போட்ட பாத்திகள் நன்றாக விளைந்திருக்கின்றன.

எங்க வீட்டிலும் இதே சண்டைதான். இங்க திருமுடிவாக்கத்தில் சிட்கோ கம்பெனிகள் வந்து வயல் குறைந்துபோச்சு. எங்களுக்கு மிச்சம் அரை ஏக்கர். எரு இல்லாட்டி மண்ணு செத்துடும் என்கிறார் தாத்தா. மாட்டை வித்தாச்சு, எருவுக்கு எங்க போறது, யூரியா போதும் என்கிறார் அப்பா. நான் கோயம்புத்தூர் பாத்தியைச் சொன்னேன். இந்த சம்பாவுக்கு ஒரு டிராக்டர் எரு விலை கேட்டுவர அப்பா ஒத்துக்கிட்டார், யூரியாவைப் பாதியாகக் குறைப்பது இன்னும் முடிவாகவில்லை.

— 9-ஆம் வகுப்பு மாணவி