குடும்பத் தலைவர் யாருங்க? வாழ்நாள் முழுக்க இதையே கேட்ட கே.பாலசந்தரின் கதை

குஜிலியம்பாறை, வேடசந்தூர் பக்கம் ரோட்டோரம் நின்று பார்த்தால், நூற்பாலைகளுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேன்கள் கண்ணில் படும். அதில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு பொண்ணோட சம்பளத்தில்தான் தம்பி படிப்பு, அக்கா சீர், வீட்டு மளிகை எல்லாமே ஓடும். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்று வேறு யார் பெயர் இருந்தாலும், அந்த வீடு நிற்பது அவளை வைத்துத்தான்.

இப்படி ஒரு வீட்டை 50 வருஷத்துக்கு முன்னாடியே திரைக்குக் கொண்டுவந்தவர் இயக்குநர் கே.பாலசந்தர். அவர் மறைந்து பத்தாண்டுகள் தாண்டிவிட்டன. இன்று சீரியலிலும் சிட்காமிலும் நாம் பார்க்கிற மாறிப்போன குடும்பங்கள் பலவற்றை, அவர் மேடையிலும் சினிமாவிலும் முன்பே எழுதிப் பார்த்துவிட்டார். எப்படி? பார்க்கலாம் வாங்க.

யார் இந்த கே.பி?

1930 ஜூலை 9-ம் தேதி, அன்றைய தஞ்சாவூர் மாவட்டம் நன்னிலம் அருகே நல்லமாங்குடியில் பிறந்தவர். அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். முத்துப்பேட்டையில் கொஞ்ச நாள் வாத்தியார் வேலை. பிறகு சென்னை ஏஜி ஆபீஸில் குமாஸ்தா.

பகலில் ஃபைல், சாயங்காலம் நாடகம். இதுதான் அவருடைய ஆரம்ப வாழ்க்கை. 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்' என்று மேடையில் பெயர் வாங்கினார். 1964-ல் எம்.ஜி.ஆர் நடித்த 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுதினார். அடுத்த வருஷமே 'நீர்க்குமிழி' மூலம் இயக்குநரானார்.

மாதச் சம்பளக் குடும்பம் 1-ம் தேதி எப்படி இருக்கும், 25-ம் தேதி எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஏனென்றால், அவரே அப்படி ஒரு சம்பளக்காரராக இருந்தவர்.

அப்பா பேச்சு எடுபட்ட வீடு

1967-ல் வந்த 'பாமா விஜயம்' படத்தை இன்றைய சிட்காமுக்குத் தாத்தா என்றே சொல்லலாம். ஒரே வீடு, மூன்று அண்ணன் தம்பிகள், மூன்று மருமகள்கள், மேலே அப்பாவாக டி.எஸ்.பாலையா. பக்கத்து வீட்டுக்கு ஒரு சினிமா நடிகை குடிவருகிறார். அவரை அசத்துவதற்காக மருமகள்கள் போட்டி போட்டு வீட்டை அலங்கரிக்க, கடன் தலைக்கு மேல் போகிறது.

படம் முழுக்கச் சிரிப்புதான். ஆனா கவனிங்க, பிரச்னையைத் தீர்த்து வைக்க அங்கே ஒரு பெரியவர் இருக்கிறார். மகன்கள் சம்பாதித்தாலும் வீட்டின் கணக்கு அப்பா கையில். கூட்டுக் குடும்பத்தின் அந்த நம்பிக்கை கே.பி படங்களில் ரொம்ப நாள் நீடிக்கவில்லை.

அப்பா ஓடிப்போன வீடு

1973-ல் 'அரங்கேற்றம்'. வறுமையில் வாடும் ஒரு புரோகிதர் வீடு, நிறைய பிள்ளைகள். அத்தனை பேரையும் கரையேற்ற மூத்த மகள் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்படுகிறாள். அவள் பணத்தில் வாழ்ந்த குடும்பமே, உண்மை தெரிந்ததும் அவளை ஒதுக்குகிறது.

அடுத்த வருஷம் 'அவள் ஒரு தொடர்கதை'. அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அண்ணன் குடிகாரர். சுஜாதா நடித்த கவிதா ஒருத்திதான் சம்பாதிக்கிறாள். வேலைக்குப் போய் வரும் மகள் அந்த வீட்டில் கிட்டத்தட்ட அப்பாவாகவே மாறிவிடுகிறாள். அதட்டுகிறாள், கணக்குக் கேட்கிறாள், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்கிறாள்.

அப்பா என்பது ரத்த உறவு மட்டும் இல்லை, அது ஒரு வேலை. யார் வேண்டுமானாலும் செய்ய நேரலாம். கே.பி காட்டியது இதைத்தான்.

1977-ல் 'அவர்கள்'. கொடுமைக்காரக் கணவனைப் பிரிந்து குழந்தையோடு தனியாக வாழும் பெண். அவளுக்குத் துணையாக வருவது வேறு யாருமில்லை, அதே கணவனின் அம்மா! மாமியாரும் மருமகளும் ஒரு குழந்தையும் சேர்ந்தால் அதுவும் குடும்பம்தான் என்று அன்றைக்கே சொன்ன படம் அது.

கொடைக்கானலில் இருந்து வந்த சிக்னல்

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது 1975-ல். தென் மாவட்டங்களில் பல இடங்களில் அதைப் பார்க்க முடியாது. இலங்கையின் ரூபவாஹினியைப் பிடிக்கத்தான் உயரமாக ஆன்டெனா கட்டுவார்கள். 1980-களின் பிற்பாதியில் கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகே திண்டுக்கல் சமவெளி வீடுகளுக்குள் தூர்தர்ஷன் தெளிவாக நுழைந்தது. அதுவும் தெருவுக்கு ஒன்றிரண்டு டிவிதான். 2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டம்தான் அதை ஏழை வீடு வரை கொண்டுபோனது.

உலகம் முழுக்கவே டிவி இந்த வேலையைச் செய்திருக்கிறது. அமெரிக்காவின் 'ஐ லவ் லூசி' காமெடித் தொடரில், கர்ப்பிணி அம்மாவைக் காட்டுவதே 1952-ல் பெரிய விஷயம். கர்ப்பம் என்ற சொல்லைக்கூட நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்தார்கள். இந்தியாவில் 1984-ல் 'ஹம் லோக்' நடுத்தரக் கூட்டுக் குடும்பத்தை வைத்துக் குடும்பக் கட்டுப்பாடு பேசியது. அதே ஆண்டு 'யே ஜோ ஹை ஜிந்தகி' இளம் தம்பதியின் வீட்டைக் காமெடியாகக் காட்டியது.

சினிமாவில் உச்சத்தில் இருந்த கே.பி, டிவியைச் சின்ன வேலை என்று நினைக்கவில்லை. 'ரயில் சிநேகம்', 'கையளவு மனசு', 'அண்ணி', 'சஹானா' என்று சின்னத்திரைக்கே இறங்கி வந்தார்.

இரண்டு ரமணிகள், ஒரு வீடு

அவருடைய மின் பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து, நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' பலருக்கும் ஞாபகம் இருக்கும். புருஷன் பேரும் ரமணி, பொண்டாட்டி பேரும் ரமணி. நகரத்துத் தனிக்குடித்தனம், தினமும் சின்னச் சின்னச் சண்டை.

தலைப்பையே பாருங்களேன், கோர்ட் வழக்கு மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே பெயர் என்றால் யார் பெரியவர்? 'பாமா விஜயம்' வீட்டில் தீர்ப்புச் சொல்ல அப்பா இருந்தார். இங்கே தம்பதிதான் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். முப்பது வருஷத்தில் தமிழ்க் குடும்பம் நகர்ந்த தூரம் அது.

அவர் எங்கே நின்றுவிட்டார்?

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். கே.பியின் பெண்கள் கேள்வி கேட்பார்கள், ஆனால் விடுதலை கிடைப்பது அபூர்வம். கவிதாவின் கதையிலேயே, திருந்திய அண்ணன் கொல்லப்பட, தனக்கு வந்த மாப்பிள்ளையைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்து, அவள் மறுபடியும் வேலைக்குக் கிளம்புகிறாள்.

தியேட்டரில் எல்லோரும் அழுதார்கள். அவளை ஏன் போக விடவில்லை என்று கேட்டவர்கள் குறைவு. தியாகத்துக்குக் கைதட்டுவது சுலபம், சுமையைப் பங்கு போடுவதுதான் கஷ்டம். இன்றும் பல சீரியல்கள் அந்தக் கைதட்டலில்தான் ஓடுகின்றன.

கடைசி ஆண்டு

பத்மஸ்ரீ, தாதாசாகேப் பால்கே விருது என்று எல்லா மரியாதையும் அவரைத் தேடி வந்தது. ஆனால் 2014 ஆகஸ்டில், மின் பிம்பங்களை முன்நின்று நடத்திய மகன் பால கைலாசத்தைப் பறிகொடுத்தார். எத்தனையோ குடும்பங்களின் கதையைச் சொன்னவருக்கு, சொந்த வீட்டில் விழுந்த பேரிடி அது. அதே ஆண்டு டிசம்பர் 23-ல், 84 வயதில் அவரும் மறைந்தார்.

2023 செப்டம்பரில் தமிழக அரசு மகளிர் உரிமைத்தொகையாக மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அது குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் விழுந்தது. குடும்பத் தலைவி என்ற சொல் இன்று அரசு விண்ணப்பத்திலேயே இருக்கிறது. மில் வேனில் போகிற பொண்ணுக்கு மட்டும் வீட்டில் இன்னும் ஒரு பட்டமும் இல்லை. கவிதாவுக்கும் இல்லை. அடுத்த சீரியலோ சிட்காமோ எழுதுகிறவர்கள், அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவாவது கொடுத்துப் பார்க்கலாம்.